பெயரைச் சுற்றி ஒரு பெட்டி

தஞ்சாவூரில் உட்கார்ந்து வெப்சைட் செய்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். உங்கள் கஸ்டமரும் பாரம்பரிய நெல் விதை விற்பவராகத்தான் இருப்பார். நெல் ஜெயராமன் மீட்ட ரகங்களெல்லாம் பக்கத்தில் வரவேண்டும், பத்திக்கு நடுவே வரும் ஒவ்வொரு பெயரைச் சுற்றியும் பச்சைக் கோட்டில் பெட்டி வேண்டும் என்பார். ஸ்பேன் போடுங்கள், பார்டர், ரேடியஸ், கொஞ்சம் பேடிங். அது பெரிய வேலையில்லை.

கம்ப்யூட்டரில் அழகாகத்தான் இருக்கும். போனில் ‘மாப்பிள்ளைச்’ ஒரு வரியின் கடைசியில் நிற்கும், ‘சம்பா’ அடுத்த வரிக்கு இறங்கிவிடும். முதல் துண்டுக்கு வலப்பக்கக் கோடு கிடையாது, இரண்டாவதற்கு இடப்பக்கக் கோடு கிடையாது. பிரவுசரைத் திட்டாதீர்கள். முழுப் பெயரையும் ஒரே நீளப் பட்டையாக வைத்துக் கோடு போட்டுவிட்டு, வரி முடிகிற இடத்தில் அறுப்பதுதான் சிஎஸ்எஸ் விதி. கோரைப் பாயை நடுவில் அறுத்தால் அறுத்த பக்கத்துக்குக் கரை இருக்குமா?

நான் செய்த இப்படியொரு வேலையைக் கெடுத்தது அதுவல்ல, சென்னையிலிருந்து வந்த யோசனை. ‘எல்லாவற்றையும் இன்லைன்-பிளாக் ஆக்கிவிடு’ என்றார் சீனியர். வேண்டாம் என்றேன், அவரே மாற்றினார். சின்னப் பெயர்கள் முழுதாக அடுத்த வரிக்குத் தாவி, மேல்வரியில் பாதி இடம் காலியானது. ‘கருப்புக் கவுனி அரிசி அவல்’ போன்ற நீளப் பெயர் போனின் முழு அகலத்தையும் பிடித்துக்கொண்டு இரண்டு வரிப் பெட்டியாக உட்கார்ந்தது. முன்னால் பாதி வாக்கியம், பின்னால் பாதி வாக்கியம். அதைச் சரிசெய்ய, தன் போனைப் பார்த்துப் பார்த்துப் பெயர்களுக்கு நடுவே பிஆர் டேக் போட்டார். கஸ்டமர் கண்ணாடி போடுகிறவர், போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவர். அவர் திறந்தபோது மொத்தமும் சிதறிக் கிடந்தது. பாக்கிப் பணம் தை அறுவடைக்குப் பிறகுதான் கைக்கு வந்தது.

தீர்வு ஒரே வரி: ‘பாக்ஸ்-டெகரேஷன்-பிரேக்: க்ளோன்’. ஒவ்வொரு வரித் துண்டுக்கும் நாலு பக்கமும் கோடு, மூலை வளைவு, பேடிங் தனித்தனியாக வந்துவிடும். எதுவும் எழுதாவிட்டால் இருப்பது ‘ஸ்லைஸ்’. பயர்பாக்ஸ் 2014-லேயே இதை ஏற்றுக்கொண்டது. குரோமுக்கு 2024 அக்டோபரில் 130-ஆம் பதிப்பு வரும்வரை முன்னால் ‘வெப்கிட்’ ஒட்டு தேவைப்பட்டது. ஐபோனின் சஃபாரிக்காக இன்றும் ஒட்டோடு ஒரு வரி, ஒட்டில்லாமல் ஒரு வரி எழுதிவிடுங்கள். இந்தத் தீர்வைச் சீனியருக்கு முதல் நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். மெசேஜ் இன்னும் இருக்கிறது, நீல டிக்கோடு.

லைன்-ஹைட்டை மட்டும் கவனியுங்கள். வரிக்குள் நிற்கும் பெட்டியின் மேல்கீழ் பேடிங்கும் பார்டரும் வரிகளை விலக்கித் தள்ளாது. பக்கத்து வரிமேல் ஏறிக்கொள்ளும். பேடிங் 4, பார்டர் 2 என்றால் இரண்டு துண்டுகள் சந்திக்கும் இடத்தில் 12 பிக்சல் கூடுதலாக வேண்டும். ‘கிச்சிலி’யின் மேல்விலங்கு மேலே போகும், ‘தூயமல்லி’யின் வால் கீழே இறங்கும்; ஆங்கிலப் பக்கத்துக்கு வைத்த அளவு நமக்குப் போதாது.

பிஆர் போடச் சொல்பவர் எவ்வளவு பெரிய சீனியராக இருந்தாலும், தன்னுடையது அல்லாத ஒரு போனில் அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.