ஆற்றின் வழியே ஒரு வரலாற்றுப் பாடம்

அமெரிக்க வரலாற்றை நடுநிலைப் பள்ளியிற் கற்பிப்போர், 1803 என்னும் ஆண்டை மனப்பாடம் செய்விக்குமுன் நிலப்படத்தை விரித்தல் வேண்டும் என்பது நம் கருத்து. அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே விளைந்த தானியம் மலையைக் கடந்து கிழக்குக் கடற்கரை சேர்தல் அரிது. ஒகையோ, மிசிசிப்பி ஆறுகளின் வழியே நியூ ஓர்லியன்ஸ் துறைமுகம் சேர்தல் எளிது. மாணவர் அவ்வாற்றின்மீது விரலை ஓட்டிப் பார்ப்பாராயின், ஜெஃபர்சன் அந்நகரை விலைக்குக் கேட்டதன் காரணத்தைத் தாமே உணர்வர். நெப்போலியனோ லூசியானா முழுவதையுமே 1.5 கோடி டாலருக்கு விற்றார். நாட்டின் பரப்பு ஏறத்தாழ இருமடங்காயிற்று.

நமக்கு உறுத்தலாவது, படங்கள் அப்பரப்பை ஒரே வண்ணத்தால் நிரப்பிவிடுவதே. ஆங்கு ஓசேஜ், லகோட்டா முதலிய குடிகள் வாழ்ந்தனர். அவர்தம் இசைவை எவரும் கேட்டாரல்லர். அப்பெயர்களை மாணவர் கையாலேயே படத்தில் எழுதச் செய்தல் வேண்டும். விற்கப்பட்டது யாருடைய நிலம் என்னும் வினா அப்போதுதான் வகுப்பில் எழும்.