அளவும் வரம்பும்: இசைப் பகுப்பாய்வு பற்றி ஒரு பாடம்

தமிழாசிரியர் கணிதம் பேசப் புகுவது சிலர்க்கு வியப்பாகலாம். ஆயின், நம் மாணவர் உயர்கணிதத்தைத் தமிழிலேயே பயில்கின்றனர். கலைச்சொல்லின் பொருள் விளங்காதவிடத்து அவர் கற்பது வெறும் ஓசையாகவே நின்றுவிடும். ஆதலின், இசைப் பகுப்பாய்வு என்னும் கணிதத் துறையில் வழங்கும் 'வெளி', 'செயலி', 'வரம்புடைமை' ஆகிய மூன்று சொற்களின் பொருளை ஈண்டு ஆராய்வாம்.

நமக்குப் பழகிய யாப்பிலிருந்து தொடங்குவது நன்று. நாற்சீரால் அமைந்து ஆறெழுத்தே பெற்ற ஓரடியைத் தொல்காப்பியர் குறளடி என்பார். அவர் கொண்ட அளவை எழுத்து. அதே அடியை யாப்பருங்கலக்காரிகை அளவடி என்னும். அது கொண்ட அளவை சீர். அடி ஒன்றே, அளவை வேறாகவே பெயரும் வேறாயிற்று. கணிதத்திலும், ஒரு பொருளைப் பற்றிச் சொல்லும் கூற்று, அதனை எதனால் அளக்கின்றோம் என்பதைப் பொறுத்தே மெய்யாகும் அல்லது பொய்யாகும்.

கொழும்புத்துறைக் கரையில் நின்று கடனீரேரியை நோக்குவோமாக. ஓரிடத்து நீர்மட்டம் நேரத்தோடு மாறுவதைக் குறித்து வந்தால் அது ஒரு சார்பு. அச்சார்பைப் பலவாறு அளக்கலாம். சராசரி மட்டத்திலிருந்து நீர் மிகுதியாக விலகியது எவ்வளவு என்று கேட்பது ஓர் அளவை; இதனை உச்ச அளவை என்போம். ஏற்றம் இறக்கம் என்று பாராது விலகல்களையெல்லாம் கூட்டுவது மற்றோர் அளவை. விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டுவது மூன்றாவது அளவை. ஓர் அளவையின்படி முடிவுள்ள அளவைப் பெறும் சார்புகளையெல்லாம் ஒருங்கு திரட்டினால் கிடைப்பதே 'சார்பு வெளி'. பிரெஞ்சுக் கணிதர் லெபேக்கின் பெயரால் வழங்கும் வெளிகளில் விலகலை ஓர் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டுவர். அடுக்கு 1 ஆயின் மேற்கூறிய இரண்டாவது அளவையும், 2 ஆயின் மூன்றாவது அளவையும் வரும்.

'செயலி' என்பது ஒரு சார்பை ஏற்று இன்னொரு சார்பைத் தரும் விதி. எந்தச் சார்பை இட்டாலும், வெளிவருவதன் அளவு இட்டதன் அளவின் ஒரு குறித்த மடங்கை விஞ்சாதாயின், அச்செயலி 'வரம்புடையது' எனப்படும். அம்மடங்கு எல்லாச் சார்புக்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். இதன் பயன் பெரிது. நீர்மட்டத்தை அளந்தவர் விரலளவு பிழைத்தால், கூட்டலையும் பெருக்கலையும் மதித்து நடக்கும் வரம்புடைய செயலியின் விடையும் அதற்கேற்ற சிற்றளவே பிழைக்கும். வரம்பற்ற செயலியோ சிறு பிழையையும் பெருவெள்ளமாக்கிவிடக் கூடும்.

இனி இத்துறையின் மூலக் கேள்விக்கு வருவோம். மீள மீள நிகழும் சார்பை சைன், கோசைன் அலைகளாகப் பிரிக்கும் முறையைப் பூரியே என்பார் 1822 இல் வெளியிட்ட வெப்பம் பற்றிய நூலில் விரித்துரைத்தார். கெல்வின் பிரபு கடலின் வற்றுப்பெருக்கை முன்கூட்டிக் கணிக்கப் பொறி அமைத்ததும் இவ்வழியிலேயே. ஆனால், பிரித்த அலைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சென்றால் பழைய சார்பு மீண்டும் கிடைக்குமா? தொடர்ச்சியான சார்பிலும் அது ஓரிடத்தில் தவறக்கூடும் என்பதை 1873 இல் து புவா-றேமொண் காட்டினார்.

தவறுவது ஏன்? அலைகளைக் கூட்டும் செயலியின் மடங்கு, உச்ச அளவையில், சேர்க்கும் அலைகளின் எண்ணிக்கையினது மடக்கையைப் போல வளர்கின்றது. மெல்லிய வளர்ச்சிதான், எனினும் ஓயாத வளர்ச்சி. மடங்குகள் எல்லையின்றி வளருமாயின் எங்கேனும் ஒரு சார்பு அவற்றால் கெட்டே தீரும் என்பது, பனாக், சிரைன்கவுசு இருவரும் 1927 இல் நிறுவிய தேற்றம்.

இக்குறைக்கு மருந்து இரண்டு. ஒன்று, செயலியை மாற்றுதல். 1900 ஆம் ஆண்டில் இருபது வயதினரான பெயர் என்னும் அங்கேரியர், கூட்டுத்தொகைகளை அப்படியே கொள்ளாது அவற்றின் சராசரியைக் கொண்டார். அச்சராசரிச் செயலியின் மடங்கு 1 ஐ ஒருபோதும் விஞ்சுவதில்லை. தொடர்ச்சியான சார்பு ஒவ்வோரிடத்தும் மீண்டது. மற்றது, அளவையை மாற்றுதல். அடுக்கு 1 இலும் மிகுந்து முடிவுள்ளதாக இருக்குமாயின், பழைய கூட்டற் செயலிகளே லெபேக்கு வெளியில் ஒரே மடங்குக்குள் அடங்கும் என்பதை மார்செல் றீஸ் 1920களில் நிறுவினார். அடுக்கு 1 ஆனவிடத்து அவை அடங்கா. அவ்வெளியில், ஏறத்தாழ எங்கணும் ஒருங்காத தொடரையுடைய சார்பொன்றைக் கொல்மகரோவ் 1923 இல் அமைத்தார். அடுக்கு 2 ஆயின் தொடர் ஏறத்தாழ எங்கணும் ஒருங்கும் எனக் காளேசன் 1966 இல் நிறுவ, 1968 இல் அன்ற் என்பார் அதனை 1 இற்கு மேற்பட்ட அடுக்குகளுக்கு விரித்தார்.

இவ்வாராய்ச்சி மேனாட்டார்க்கே உரியதன்று. சென்னையில் ஆனந்தராவ் அவர்களிடம் பயின்ற மீனாட்சிசுந்தரம் (1913–1968), சந்திரசேகரன் ஆகிய இருவரும் தொடர்களைச் சராசரியாற் கூட்டும் முறை பற்றி 1952 இல் ஒரு நூல் வெளியிட்டனர். பின்னாளில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியரான சுந்தரம் தங்கவேலு, எளிமை இசை இயக்கத்தின் குவாண்டக் கொள்கையில் எழும் எர்மீற்றுச் சார்புகளை எடுத்துக்கொண்டார். ஒரு பரிமாணத்தில் அச்சார்புகளாலான தொடரை றீஸ் சராசரியாற் கூட்டுதற்கு எல்லையான படி 1/6 என்பதை 1989 இல் நிறுவினார். எத்துணை நுண்ணிய வரம்பு! அவர் 2002 இல் சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு பெற்றார்.

அண்மைக் காலத்தில் அளவையும் பொதுமை பெற்றுள்ளது. கடனீரேரியின் ஆழம் எங்கும் ஒன்றன்று. அதுபோல அடுக்கும் இடத்துக்கிடம் மாறலாம் எனக் கொண்டு அமைத்தவை பொதுமையாக்கிய லெபேக்கு வெளிகள். ஒவ்வோரிடத்தையும் சூழ்ந்த சராசரிகளுள் மிகப் பெரியதை எடுக்கும் செயலியை ஆடியும் லிற்றில்வுட்டும் 1930 இல் ஆராய்ந்தனர். அடுக்கு எங்கும் 1 ஐ ஓரளவு விஞ்சி, திடீரெனத் தாவாது சீராக மாறுமாயின், வரம்புள்ள களத்தில் அச்செயலி வரம்புடையதே என்பதை டீனிங் 2004 இல் வெளிவந்த கட்டுரையில் நிறுவினார்.

எனவே மாணவர்காள், 'இச்செயலி வரம்புடையதா?' என்று வினவுவார்க்கு உடனே விடையிறுத்தல் வேண்டா. 'எவ்வெளியில், எவ்வளவையால்?' என்று எதிர்வினா எழுப்புமின். அவ்வினாவைத் தமிழிலே தெளிவுறக் கேட்கத் தெரிந்தவர்க்கு, அதன் விடையைத் தேடும் வழியும் தமிழிலே திறந்திருக்கும். விழாக் காணும் நம் கல்லூரியிலிருந்து அவ்வழிச் செல்வோர் பலர் தோன்றுவாராக.