கை நடுங்கிய கேமரா

கேள்வி: போர்க்களத்தை நேரில் பார்க்காதவர் எடுத்த ஆவணப்படத்தை நம்பலாமா? (வாசகர், திருச்சுழி)

பதில்: இயக்குநர் போகாவிட்டாலும் பரவாயில்லை, கேமரா போயிருக்க வேண்டும். இலங்கைப் போரின்போது, 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பியபோது, போகாதீர்கள் என்று மக்கள் அவர்கள் அலுவலக வாசலில் நின்று கெஞ்சினார்கள். பிறகு போர் நடந்த வன்னிப் பகுதிக்குள் வெளிச் செய்தியாளர்கள் சுதந்திரமாக நுழைய வழியில்லை. அந்தப் போரைப் பற்றிக் கேலம் மெக்ரே இயக்கிய ‘நோ ஃபயர் ஸோன்’ (2013) ஆவணப்படத்துக்கு உயிர் கொடுத்தவை, உள்ளே சிக்கியவர்கள் எடுத்த காட்சிகளும் சிப்பாய்கள் வெற்றிக் களிப்பில் செல்போனில் பிடித்தவையும்தான். பதுங்கு குழிக்குள் படம் ஆடுகிறது, அழுகை மட்டும் தெளிவாகக் கேட்கிறது. ஸ்டுடியோவில் அதைச் செய்ய முடியாது.

நேரில் கேட்க வேண்டுமானால், உங்கள் ஊரிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக, இலங்கைத் தமிழர்கள் வாழும் குல்லூர்சந்தை அகதி முகாமுக்குப் போய்வாருங்கள். மைக்கை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.