கல்லும் கரையும்

“எறும்பு ஊரக் கல்லும் தேயும்” என்பார்கள் பெரியோர். எறும்பு ஊர்ந்து கல் தேய எத்தனையோ காலம் ஆகலாம். ஆனால் ஐந்தே நிமிடத்தில் கல் கரைந்த செய்தி ஒன்றை இக்கட்டுரையில் சொல்லப் போகிறோம். அது நடந்தது மலையிலும் அன்று, ஆய்வுக் கூடத்திலும் அன்று. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டுச் சமையலறையில்தான்.

பொங்கலுக்கு முந்திய வாரம். கோவில்பட்டியில் வீட்டுக்கு வீடு ஒட்டடை அடிப்பதும் வெள்ளை அடிப்பதுமாக இருந்த நேரம். தோழியின் வீட்டுச் சமையல் மேடை மெருகேற்றிய கடப்பாக் கல்லால் ஆனது. பாத்திரம் கழுவும் தொட்டியை ஒட்டி, மேடையின் ஓரமெங்கும் வெள்ளையாக உப்புக் கறை படிந்திருந்தது. சோப்புப் போட்டும் போகவில்லை. தேங்காய் நார் வைத்துத் தேய்த்தும் போகவில்லை. குளியலறைக்கென்று வாங்கி வைத்திருந்த ஆசிட் பாட்டிலைத் தோழியின் தாயார் எடுத்துக் கொடுத்து, “இதை ஊற்றித் தேய்த்துவிடு” என்று வேலைக்கு வரும் அக்காவிடம் சொன்னார். அக்காவும் அப்படியே செய்தார். கறை நுரைத்துக்கொண்டு போயிற்று. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

மறுநாள் காலையில் மேடை நன்றாக உலர்ந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. ஆசிட் பட்ட இடமெல்லாம் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துக் கிடந்தது. தடவிப் பார்த்தால் சொரசொரவென்றிருந்தது. “செங்கல் பொடி போட்டுத் தேய்த்துக் கல்லைக் கெடுத்துவிட்டாய்” என்று தாயார் கோபித்தார். “நீங்க குடுத்ததத்தான்மா ஊத்துனேன், வேற ஒண்ணும் போடல” என்று அக்கா எவ்வளவோ சொன்னார், பயனில்லை. அந்த மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது. பொங்கலுக்குப் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை.

விடுமுறை முடிந்து வந்த தோழி இதை எங்களிடம் வருத்தத்தோடு சொன்னாள். ஆசிட் கறையைத்தானே போக்க வேண்டும், கல்லை எப்படிக் கெடுக்கும் என்ற ஐயம் எங்கள் எல்லோருக்கும் எழுந்தது. அறிவியல் கற்பிக்கும் சிஸ்டரிடம் போய்க் கேட்டோம். “என்னைக் கேட்பதை விடக் கல்லையே கேளுங்கள்” என்றார் அவர்.

கற்களைக் கேட்டோம்

கல் அறுக்கும் பட்டறையில் வீணாகக் கிடந்த கடப்பாக் கல், கிரானைட், வெள்ளைச் சலவைக்கல் ஆகியவற்றின் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தோம். உடைந்த மொசைக் துண்டு ஒன்றும் கிடைத்தது. கிராமத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி தன் வீட்டுக் கரிசல் காட்டிலிருந்து சுக்கான் கல் கொண்டுவந்தாள்.

சிஸ்டர் கண்ணாடி அணிந்து, கையுறை போட்டுக்கொண்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒவ்வொரு கல்லின் மீதும் ஒரு சொட்டு விட்டார். கிரானைட் அசையவில்லை, சொட்டு சொட்டாகவே நின்றது. சலவைக்கல் பொங்கியது. கடப்பாக் கல்லும் நுரைத்தது. மொசைக்கும் நுரைத்தது. சுக்கான் கல்லோ சோடா பாட்டிலைத் திறந்தாற்போல் சீறியது! எழுந்த வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்தியபோது அது பால்போல் மாறிற்று. ஆகவே அது கரியமில வாயு என்பது உறுதியாயிற்று.

பிறகு சமையலறைப் பொருள்களுக்கு வந்தோம். மெருகேற்றிய கடப்பாக் கல்லின் மீது எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், தயிர், சோப்பு நீர் ஆகியவற்றைத் தனித்தனியே வைத்து இரவு முழுதும் விட்டுவிட்டோம். காலையில் துடைத்துப் பார்த்தால், சோப்பு நீர் இருந்த இடத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மற்ற மூன்று இடங்களிலும் மெருகு போய் மங்கிய வட்டம் விழுந்திருந்தது. எலுமிச்சை இட்ட வட்டமே மிகத் தெளிவாகத் தெரிந்தது.

கறையும் கல்லும் ஒன்றே

காரணம் இதுதான். கடப்பாக் கல் ஒரு வகைச் சுண்ணாம்புக்கல். ஆந்திர மாநிலத்தின் கடப்பாப் பகுதியிலிருந்து வருவதால் அப்பெயர் பெற்றது. சலவைக்கல்லோ, பூமிக்குள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாற்றமடைந்த சுண்ணாம்புக்கல். இரண்டிலும் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் அது கரையும் உப்பாகவும் நீராகவும் கரியமில வாயுவாகவும் பிரிந்துவிடும். கணக்குப்படி 100 கிராம் கால்சியம் கார்பனேட்டை 73 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு முற்றிலும் கரைத்துவிடும். அப்போது 44 கிராம் கரியமில வாயு வெளியேறும். எலுமிச்சையில் உள்ளது சிட்ரிக் அமிலம். புளியில் டார்டாரிக் அமிலம். தயிரில் லாக்டிக் அமிலம். ஆசிட் ஐந்து நிமிடத்தில் செய்வதை இவை மெதுவாகச் செய்கின்றன, அவ்வளவே.

சரி, அந்த வெள்ளைக் கறை எங்கிருந்து வந்தது? எங்கள் கரிசல் மண்ணில் சுண்ணாம்பு மிகுதி. மண்ணுக்கடியில் சுக்கான் கல் கிடப்பதைக் கிணறு தோண்டுகிறவர்கள் நன்கு அறிவார்கள். மழைநீர், காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு, இந்தச் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து நிலத்தடிக்குக் கொண்டு செல்கிறது. குடிக்கவும் சமைக்கவும் நமக்குத் தாமிரபரணித் தண்ணீர் வருகிறது. பாத்திரம் கழுவப் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். அந்நீர் மேடையில் சிந்தி உலரும்போது, கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. 

அப்படியானால் கறையும் கால்சியம் கார்பனேட். கீழே இருக்கும் கல்லும் கால்சியம் கார்பனேட்! ஆசிடுக்கு இது கறை, இது கல் என்று பிரித்தறியத் தெரியாது. மேலே உள்ளதைத் தின்று முடித்ததும் கீழே உள்ளதைத் தின்னத் தொடங்கும். மெருகு போன பரப்பு மேடு பள்ளமாகி, ஒளியை நாலாபுறமும் சிதறடிப்பதால் கறுத்த கல் வெளுத்துத் தோன்றுகிறது. இது கல்லின் மேல் படிந்த அழுக்கு அன்று; கல்லே குறைந்துபோன இடம். ஆகவே எத்தனை முறை கழுவினாலும் போகாது. எண்ணெய் தடவினால் சில நாள் கறுப்பாகத் தோன்றும், அவ்வளவுதான். மீண்டும் மெருகேற்றுவதே வழி.

கிரானைட் ஏன் தப்பியது? அதில் இருப்பவை குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் போன்ற கனிமங்கள். இவற்றைப் புளியும் எலுமிச்சையும் ஒன்றும் செய்ய இயலாது. ஃபிரெடெரிக் மோஸ் என்ற கனிம அறிஞர் 1812இல் வகுத்த கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸுக்கு 7, ஃபெல்ஸ்பாருக்கு 6. கடப்பாக் கல்லிலும் சலவைக்கல்லிலும் உள்ள கால்சைட்டுக்கு 3தான். நமக்கு அருகிலுள்ள கழுகுமலையில், மலையையே குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோவில் ஏறக்குறைய 1200 ஆண்டுகளாக வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கிறதென்றால், அந்தக் கருங்கல்லின் உறுதியும் அதற்கு ஒரு காரணம். மணலும் செங்கல் பொடியும் குவார்ட்ஸ் கலந்தவை. எனவே அவற்றால் தேய்த்தால் கடப்பாக் கல்லில் கீறல் விழும். தாயார் செங்கல் பொடியைச் சந்தேகித்ததிலும் நியாயம் உண்டு. ஆனால் கீறல் கோடு கோடாக விழும். ஆசிட் ஊற்றிய இடமோ அது ஓடிய வழியிலெல்லாம் திட்டாக வெளுக்கும். தோழியின் வீட்டு மேடையில் இருந்தது திட்டுதான்.

வீட்டில் நாம் செய்யத்தக்கவை

1. முதலில் மேடை எந்தக் கல் என்று அறிய வேண்டும். கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுச் சிறிது நேரத்தில் துடைத்துப் பாருங்கள். மங்கினால் அது சுண்ணாம்புக் கல் இனம்.

2. கடப்பாக் கல், சலவைக்கல், மொசைக் தரை ஆகியவற்றில் ஆசிட், வினிகர், எலுமிச்சை எதையும் துப்புரவுக்குப் பயன்படுத்தலாகாது. குத்துவிளக்கையும் பித்தளைப் பாத்திரத்தையும் புளியிட்டுத் தேய்ப்பதை மேடைமேல் செய்யாமல், தட்டிலோ வாளியிலோ வைத்துச் செய்க.

3. இளஞ்சோப்பு நீரும் மென்மையான துணியும் போதும். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் ஈரத்தைத் துடைத்துவிட்டால் உப்புக் கறை படியவே வழியில்லை. கறையைப் போக்குவதை விட இது எளிது.

4. படிந்துவிட்ட உப்புக் கறையின் மேல் ஈரத் துணியைப் போட்டு ஊறவைத்து, மரக் கரண்டியின் ஓரத்தால் மெதுவாகச் சுரண்டுக. எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடாவை நீரில் குழைத்துப் பூசி, உலர்ந்தபின் எடுத்துவிடலாம்.

5. ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு எழும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகரருகே போர்வீரர்கள் மீது ஏவப்பட்ட நச்சு வாயு இதுவே. சன்னல் அடைத்த சிறு குளியலறையில் இது உயிருக்கே ஆபத்து.

தாஜ்மகால் தரும் பாடம்

மக்ரானாச் சலவைக்கல்லால் ஆன தாஜ்மகாலும் கால்சியம் கார்பனேட்தான். புகையும் தூசியும் படிந்து அது மஞ்சளித்தபோது, இந்தியத் தொல்லியல் துறையினர் ஆசிடைத் தேடிப் போகவில்லை. 1994 முதல் அவ்வப்போது முல்தானி மட்டி என்னும் களிமண்ணைக் குழைத்துப் பூசி, உலரவிட்டு, காய்ச்சி வடித்த நீரால் கழுவி வருகிறார்கள். மண் அழுக்கை உறிஞ்சிக்கொள்கிறது, கல்லைத் தொடுவதில்லை. உலகமே வியக்கும் மாளிகைக்குப் பொறுமையே மருந்தென்றால், நம் வீட்டு மேடைக்கும் அதுவே போதும்.

எங்கள் சோதனை முடிந்த அன்று மாலை, தோழி மங்கிய வட்டங்கள் விழுந்த கல் துண்டைத் தாயாரிடம் காட்டினாள். பிறகு அந்த ஆசிட் பாட்டிலையும் கொண்டுவந்து, அதன் பின்புறம் சிறிய ஆங்கில எழுத்துகளில் இருந்ததை வாசித்துக் காட்டினாள். சலவைக்கல்லிலும் மொசைக்கிலும் ஊற்ற வேண்டாம் என்றும், கையுறை அணிய வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. தாயார் சிறிது நேரம் பேசவில்லை. மறுநாளே அக்காவின் வீட்டுக்குப் போய், பிடித்த பணத்தைக் கொடுத்து, “தப்பு என்னோடதுதான், மனசுல வச்சுக்காதே” என்றார். பணத்தை வாங்க நீட்டிய கையில் விரல் நுனிகள் தோல் உரிந்திருந்ததை அப்போதுதான் பார்த்தார்.

இதைத் தோழி சொல்லக் கேட்டு நாங்களும் தலைகுனிந்தோம். இத்தனை நாளும் கல்லுக்கு என்ன ஆயிற்று என்றே ஆராய்ந்தோமே தவிர, வெறுங்கையால் ஆசிட் தேய்த்தவரின் கைக்கு என்ன ஆயிற்று என்று எங்களில் ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை. கல்லுக்கு மீண்டும் மெருகேற்றிக்கொள்ளலாம்.

அந்த அக்கா படித்தவர் அல்லர். பாட்டிலில் எழுதியிருப்பதைப் படிக்கக் கற்றவர்கள் நாம். அன்புத் தோழியரே, இன்று வீட்டுக்குப் போனதும் சமையலறையிலும் குளியலறையிலும் உள்ள பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து, எழுதியிருப்பதை உரக்கப் படித்துக் காட்டுங்கள். அம்மாவுக்கும், வேலைக்கு வரும் அக்காவுக்கும்.