காக்கப்பட்ட கடலிற் பனி நண்டின் வளர்ச்சியும் பருவமும்

உயிரினங்களின் வளர்ச்சியை வகுப்பறையில் விளக்கும்போது, இடையறாது மேலேறும் ஒரு கோட்டினைக் கரும்பலகையில் வரைந்து காட்டுதல் வழக்கம். நண்டினத்துக்கு அக்கோடு பொருந்தாது. நண்டின் வளர்ச்சி படிக்கட்டுப் போன்றது. அதன் உடலை மூடிய ஓடு வன்மையானது, விரியாதது. ஆதலின், நண்டு பழைய ஓட்டைக் கழற்றி, மெல்லிய புதிய ஓட்டுடன் வெளிவந்து, நீரை உள்ளிழுத்துத் தன்னைப் பெருப்பித்துக்கொள்ளும். அப்பெருத்த அளவிலேயே புதிய ஓடு இறுகும். பின்பு உள்ளேயுள்ள நீரின் இடத்தைச் சதை சிறிது சிறிதாக நிரப்பும். சந்தையில் வாங்கிய நண்டு சிலவேளை சதையின்றிக் கோதாய் இருப்பதற்கு இதுவே காரணம். நம்மவர் அப்பழியைப் பூரணை நிலவின்மேற் போடுவர்.

இப்படிக்கட்டுக்கு முடிவு உண்டா என்பது அடுத்த வினா. சில நண்டுகள் பருவமெய்திய பின்னும் ஓடு கழற்றி வளரும். வேறு சிலவற்றுக்குப் பருவமே வளர்ச்சியின் எல்லை. பின்னைய வகைக்குத் தக்க சான்று பனி நண்டு. வட அத்திலாந்திக்கிலும் வட பசிபிக்கிலும் வாழும் இந்நண்டு, யப்பான் கடலில் 200 மீற்றருக்குக் கீழே, உறைநிலைக்குச் சிறிதே மேற்பட்ட குளிர்நீரிற் காணப்படும். முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பிகள் சில மாதம் நீரில் மிதந்து, உருமாறிக் கடலடியிற் குடியேறும். அங்கே பன்முறை ஓடு கழற்றிப் பருவமெய்துவதற்குப் பல ஆண்டுகள் செல்லும்.

பெண் நண்டுக்கு இறுதிக் கழற்றல் ஒன்றே அனைத்தையும் மாற்றிவிடும். அதுவரை ஒடுங்கியிருந்த வயிற்று மடல், முட்டைகளைத் தாங்குமாறு அகன்ற கிண்ணம்போல் விரியும். ஓடு மென்மையாயிருக்கும் அவ்வேளையில் ஆண் அதனைக் காத்து நின்று கூடும். சிறிது நேரத்தில் முட்டைகள் மடலின்கீழ் வந்து ஒட்டிக்கொள்ளும். யப்பான் கடலில் முதற்சினை பொரிக்க ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு செல்லும். பின்வருபவைக்கு ஓராண்டளவு போதும். ஆணின் விந்தைத் தன்னுடலிற் சேமித்துவைத்துப் பின்னைய சினைகளுக்கும் பயன்படுத்தும் ஆற்றல் பெண்ணுக்கு உண்டு. ஆனால் அது மீண்டும் ஓடு கழற்றுவதில்லை. ஏழு எட்டுச் சதமமீற்றர் அகலமே அதன் வாழ்நாள் எல்லை.

ஆணின் வரலாறு இத்துணை எளிதன்று. கொடுக்கு சிறிதாயிருக்கும்போதே அதன் உடலில் விந்து உண்டாகிவிடும். எனினும் இறுதிக் கழற்றலின் பின்னரே கொடுக்கு உடலளவுக்கு மிஞ்சிப் பருக்கும். போட்டியிற் பிற ஆண்களை வென்று பெண்ணைப் பற்றிக்கொள்ளும் வலிமை அப்போதே வாய்க்கும். அவ்விறுதிக் கழற்றல் எல்லா ஆண்களுக்கும் ஒரே படியில் நிகழ்வதில்லை என்பதே வியப்பு. ஒன்று ஏழு சதமமீற்றரில் நின்றுவிடும். இன்னொன்று பதின்மூன்றையும் கடந்து செல்லும். ஆணுக்கும் இறுதிக் கழற்றல் உண்டென்று கனடாவில் ஆராய்ந்த கொனன், கொமோ என்னும் இருவர் 1986 இல் எழுதியபோது, அதனை ஏற்க மறுத்தோர் பலர். ஓட்டின் அகலத்தையும் கொடுக்கின் உயரத்தையும் அளந்து வரைபிற் குறித்தால், புள்ளிகள் இரு தனிக் கூட்டங்களாகப் பிரிந்து நிற்கும். ஒன்று இன்னும் வளரவிருப்பவை. மற்றது வளர்ச்சி முடிந்தவை.

இதிலிருந்து கடற்றொழிலுக்கு ஒரு சிக்கல் பிறக்கிறது. ஒன்பது சதமமீற்றர் அகலமுள்ள இரண்டு ஆண் நண்டுகள் வலையில் வந்தால், ஒன்று இனி வளராத முதிர்நண்டாகவும், மற்றது இரண்டொரு கழற்றலிற் பெருநண்டாகக் கூடிய இளையதாகவும் இருக்கலாம். அகலத்தை மட்டும் விதிக்கும் சட்டத்துக்கு இரண்டும் ஒன்றே. மீனின் செவிக்கல்லில் ஆண்டு வளையங்களை எண்ணுவதுபோல் நண்டின் வயதை எண்ணுதலும் எளிதன்று. அன்றியும், கடலடியை வாரும் இழுவை வலை பெண்ணையும் இளையதையும் மென்னோட்டு நண்டையும் வேறு பிரித்தறியாது. கடுங்குளிரிலிருந்து வெப்பக் காலத்து மேற்றளத்துக்கு வந்த நண்டைத் திரும்ப எறிந்தாலும், அது பெரும்பாலும் பிழைப்பதில்லை.

யப்பானின் கியோட்டோ மாகாணத்தார் இதனை இழப்பின் வாயிலாக அறிந்தனர். 1964 இல் 369 தொன்னாக இருந்த அவர்கள் பிடி, 1980 இல் 58 தொன்னாக வீழ்ந்தது. 1983 இல், நண்டு வாழும் ஆழ்பரப்பில் ஒரு பகுதியைத் தெரிந்து, கொங்கிறீற்றுக் கட்டிகளை இறக்கினர். வலை சென்றால் கிழியும்; ஆகவே எவரும் செல்லார். காவற்படகு நிறுத்துவதினும் இது மலிவான காவல் என்பது என் எண்ணம். பின்பு வேறிடங்களிலும் கட்டிகள் இறக்கப்பட்டன. எல்லாம் சேர்ந்தும் தொழில் நடக்கும் பரப்பில் இருபதில் ஒரு பங்கினை எட்டவில்லை. ஆயினும் அவ்வெல்லைக்குள் நண்டு தன் படிக்கட்டை இடையூறின்றி ஏறி முடிக்கலாம். இறுதிக் கழற்றலின்போது கூடலாம். ஒன்றரை ஆண்டு சினை தாங்கலாம். 1999 இல் பிடி 195 தொன்னாயிற்று.

அவ்வுயர்வு முழுவதையும் கட்டிகளுக்கே உரியதாக்குதல் தகாது. வேறு மீன் தேடும் பருவங்களில் நண்டு நிறைந்த ஆழங்களுக்கு வலை விடாமல் தொழிலாளர் தாமே உடன்பட்டனர். புதிதாக ஓடு கழற்றிய, நீர் நிறைந்த ஆண் நண்டுகளைப் பிடிப்பதையும் பின்னர் கைவிட்டனர். கூட்டுறவாக ஒழுகும் இவ்வியல்பு இல்லாத இடத்திற் கட்டி மட்டும் என்ன செய்யும்? 2008 இல் இவர்களது தொழிலே, நிலைத்த கடற்றொழில் என்னும் சர்வதேசச் சான்றினை யப்பானில் முதன்முதற் பெற்றது.

நம் களப்புகளிலும் பாக்கு நீரிணையிலும் பிடிபடும் நீலக்கால் நண்டு வேறு இயல்பினது. அது வெப்பக் கடலில் ஓராண்டளவிற் பருவமெய்தும். ஒரு சினையில் இலட்சக்கணக்கான முட்டைகளை ஈனும். ஆதலின் கியோட்டோவின் எல்லைகளையும் காலங்களையும் அப்படியே இங்கு கொணர இயலாது. ஆனால் அளக்கும் முறை ஒன்றே. இளம் பெண் நண்டின் வயிற்று மடல் முக்கோண வடிவாய் உடலோடு இறுகியிருக்கும். பருவமெய்தியதும் அகன்று வட்டமாகி எளிதில் விரியும். விலங்கியல் மாணாக்கர் நால்வர், ஓர் அளவுகோலுடன் விடியற்காலையிற் கரைக்குச் சென்று, இருநூறு பெண் நண்டுகளின் அகலத்தையும் மடலின் வடிவையும் குறித்து வரலாம். எவ்வகலத்திற் பாதி நண்டுகளுக்கு மடல் வட்டமாகியுள்ளதோ, அதுவே பருவ அளவு. அதனிலும் சிறியவை கூடையில் எத்தனை என்பதை அடுத்ததாக எண்ணுதல் வேண்டும்.