உருகுதல் என்னுஞ் சொல்லும் அதன் பொருளும்

சைவ பாடசாலைகளில் ஆசிரியன்மார் திருவாசகப் பாடம் நடத்துங்கால் அடிக்கடி எடுத்தாளுஞ் சொற்களுள் ‘உருகுதல்’ ஒன்று. ‘உள்ளம் உருகிற்று’ என்பதற்கு ‘அன்பு மிகுந்தது’ எனப் பொருள் எழுதுவித்து மேற்செல்வது வழக்கம். அவ்வுரை பிழையன்று. ஆயினும் செம்பொருளை நன்குணராத மாணாக்கன் இலக்கணைப் பொருளை மனனஞ் செய்வானேயன்றி உணரான்.

செம்பொருளில் உருகுதலாவது, திண்பொருள் வெப்பத்தால் நீர்மையடைதல். கரைதல் வேறு, உப்பு நீரோடு சேர்ந்து கரைகின்றது. இளகுதலும் வேறு, மழைக்காலத்தில் வெல்லம் இளகி மென்மையாகுமேயன்றி ஓடாது. மெழுகோ வெப்பம் பெற்று உருகி ஓடுகின்றது.

கல்முனைக்கு வடபாலுள்ள நெசவூராகிய மருதமுனையிலே தேங்காயெண்ணெய் உறைந்து கிடக்கக் காண்பது அரிது. அது உருகுவதற்கு ஏறக்குறைய 24 பாகை செல்சியசு வெப்பம் போதும். அக்கடற்கரை பெரும்பாலும் அதனினும் வெப்பமுடையது. அவ்வெண்ணெயையே 1,800 மீற்றருக்கு மேலுயர்ந்த நுவரெலியாவுக்குக் கொண்டுசெல்லின் புட்டியில் உறைந்துவிடும். எண்ணெய் ஒன்றே, சூழலே வேறு. வன்னெஞ்சம் எனப்படுவதும் அன்பென்னும் வெப்பம் பெறாது உறைந்த நெஞ்சமே என மாணாக்கர்க்கு இதனாற் காட்டலாம்.

பனிக்கட்டி உருகத் தொடங்கியபின் முழுதும் உருகி முடியுமளவும் வெப்பமானி 0 பாகையிலேயே நிற்கும். அதற்குள் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 80 கலோரி வெப்பத்தை உட்கொள்ளும். இதனை மறைவெப்பம் என்பர். பலநாட் கற்பித்தும் மாற்றங் காணாது சலிப்புறும் ஆசிரியர் இதனை நினைவாராக.

உருகுதல் தளர்ச்சியன்றோ எனச் சிலர் ஐயுறுவர். ‘உருக்கு’ என்னும் பெயரை நோக்குக. இரும்பினும் வலிய அது, மூசையிலிட்டு உருக்கப்பட்டமையாற் பெற்ற பெயர் அது. ஆதலின் உருக்கத்தை வலியின்மை எனக் கற்பித்தல் தகாது.

உருகிய பொருள் தன் வடிவில் நில்லாது பிறிதை நோக்கி ஓடும். உள்ளமும் அவ்வாறு பிறரை நோக்கி ஓடாதாயின், கண்ணீர் சிந்தினும் உருகியதாகாது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, முஸ்லிம்கள் வாழும் மருதமுனையையும் அதனை அடுத்துத் தமிழர் வாழும் பாண்டிருப்பையும் ஒருங்கே தாக்கிற்று. ஊரெல்லையை அலை அறிந்திலது. சைவர் திருவாசகத்திலும் முஸ்லிம்கள் குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்களிலும் காணும் உருக்கத்துக்குத் தமிழிற் சொல் ஒன்றே. அயலூர்ப் பிள்ளையின் இழப்பைத் தன்னிழப்பாக எண்ணி உதவ எழும் மாணாக்கனுக்கே அச்சொல்லின் பொருள் விளங்கியது என்க.

ஆதலின் ஆசிரியன்மார் இப்பாடத்தை மெழுகிலும் எண்ணெயிலுந் தொடங்குக. உருகுதல், கரைதல், இளகுதல் என்பவற்றை மாணாக்கரே செய்து பார்த்து வேறுபாடு கூறட்டும். அதன்பின் திருவாசகத்தை ஓதுவிக்க.