கூட்டு முயற்சிக்கு எழுத்து ஒப்பந்தம்: கொல்லிமலைக் குழுக்கள் கவனிக்க வேண்டியவை

கொல்லிமலையில் மரவள்ளி பரவியதால் சாமை, தினை, கேழ்வரகுப் பரப்பு சுருங்கியது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கு பணி தொடங்கியபின், உழவர் குழுக்கள் பாரம்பரிய விதைகளைச் சேமிக்கவும், தானியத்தை அரைத்துப் பொட்டலமிட்டு விற்கவும் முற்பட்டன. இவ்வாறு குழுவும் வெளி நிறுவனமும் சேர்ந்து செயல்படும்போது வாய்ப்பேச்சு மட்டும் போதாது.

காணியினர் தரும் பாடம்

கேரளத்தில் காணிப் பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப் பச்சை மூலிகையிலிருந்து, பாலோடு தாவர ஆராய்ச்சி நிலையம் 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. 1990களின் நடுவில் ஒரு மருந்து நிறுவனத்திற்கு 10 லட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் 2 சதப் பங்குக்கும் உரிமம் தரப்பட்டது. அதில் பாதி காணியினருக்கென முடிவாயிற்று. ஆனால் பணத்தைப் பெற்றுக்கொள்ள அவர்களுக்கு அமைப்பு இல்லை. 1997இல் அறக்கட்டளை பதிவான பின், 1999இல்தான் பணம் கைக்கு வந்தது. வனத்துறையின் இசைவு முன்கூட்டிப் பெறப்படாததால் இலை சேகரிப்பும் தடைப்பட்டது.

ஆகவே குழுவை முதலில் பதிவு செய்து, அதன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். யாருடைய அனுமதி தேவையோ அவர்களையும் தொடக்கத்திலேயே கலந்துகொள்ள வேண்டும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

1. இரு தரப்பாரும் செய்ய வேண்டிய வேலைகள், காலக்கெடு.
2. எடை போடும் இடம் சோளக்காடா, காரவள்ளி அடிவாரமா? லாரி வாடகை யாருடையது?
3. விலை, ஈரப்பத அளவு, பணம் தரும் நாள். தாமதமானால் வட்டி.
4. கழித்த மூட்டைகளைத் திருப்பி அனுப்பும் செலவு.
5. அரவை இயந்திரம் யாருக்குச் சொந்தம்? பழுதுச் செலவு யாருடையது?
6. தகராறு வந்தால் தீர்த்துவைப்பவர். ஒப்பந்தம் முடியும் நாள்.

விதையில் கூடுதல் கவனம் தேவை. 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி பாரம்பரிய ரகங்களை உழவர்கள் தம் பெயரில் பதிவு செய்துகொள்ளலாம். விதை கொடுக்கும்போது ரகத்தின் பெயர், ஊர், அளவு, எந்த உபயோகத்திற்கு என்பதைக் குறித்து ஒப்பம் பெற வேண்டும்.

ஒப்பந்தத்தைத் தமிழில் இரு பிரதிகளாக எழுதி, குழுக் கூட்டத்தில் உரக்கப் படித்து, தீர்மானப் புத்தகத்தில் பதிந்தபின் தலைவர் கையெழுத்திடலாம். ஒரு பிரதி குழுவிடமே இருக்க வேண்டும். படித்துக் காட்டாத தாளில் கைநாட்டு வைக்கலாகாது.